இடுப்பில் பேட்டரி வைக்கும் முன்பும் பின்பும்: கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி

டிஸ்க் ஆபரேஷன் முடிந்து நான்கு வருடமாகியும் என் வீட்டுக்காரருக்கு இடது கால் எரிச்சல் விடவில்லை. கடைசியில் ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர் வைக்கலாம் என்றார் டாக்டர். முதுகெலும்புக்குள், தண்டுவடத்தின் உறைக்கு வெளியே மெல்லிய வயர். இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்ன பேட்டரி. அதிலிருந்து வரும் லேசான மின்சாரம் வலியை மட்டுப்படுத்தும். 1967லிருந்தே இருக்கும் வைத்தியம்தான்.

எனக்குப் பயம் கிருமியைப் பற்றித்தான். நூற்றுக்கு 2 முதல் 6 பேருக்குத் தொற்று வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கேட்க சின்ன எண்தான். ஆனால் வந்துவிட்டால், வயர் மேலும் பேட்டரி மேலும் கிருமிகள் படலம் கட்டிக்கொள்ளும், மருந்து அதைத் தாண்டிப் போகாது. பெரும்பாலும் எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆகவேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு அதைக் கழற்றுவதா?

வேலை ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குகிறது. முதலில் சுகர். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி அவருக்கு 9க்கு மேல் இருந்தது. குறைத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் தேதி தருகிறேன் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். செம்பூர் ஸ்டேஷன் வாசல் வடாபாவை நிறுத்தியதுதான் எங்கள் வீட்டின் பெரிய போராட்டம். சிகரெட் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் காயம் ஆறத் தாமதமாகும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண் எதுவானாலும் ஆபரேஷனுக்கு முன்பே சரி செய்துவிடுங்கள். ஓரிடத்துக் கிருமி ரத்தத்தோடு இன்னோரிடம் போகும்.

அடுத்தது மூக்கு. இந்தத் தொற்றுகளில் அதிகம் மாட்டுவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. அது நம்மில் பலருடைய மூக்கிலேயே சும்மா குடியிருக்கும். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இவருக்கு இருந்தது. முப்பிரோசின் களிம்பை நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள் மூக்குக்குள் தடவினோம். கூடவே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த சோப்பில் குளியல், தினமும் துவைத்த துண்டு.

இங்கேதான் ஒரு கூத்து. அட்மிட் ஆவதற்கு முந்தின ராத்திரி, "நர்ஸுக்கு எதற்கு சிரமம்" என்று பாத்ரூமில் பிளேடை வைத்து இடுப்பெல்லாம் மழித்துக்கொண்டு வந்து நின்றார். நாலைந்து கீறல். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். பிளேடு கண்ணுக்குத் தெரியாத வெட்டு போடும், கிருமி அதில் புகுந்துகொள்ளும். முடி எடுத்தே ஆகவேண்டும் என்றால் அவர்களே மெஷினால் எடுப்பார்கள். நாம் கை வைக்கவே கூடாது.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வழக்கமாகப் போடும் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். மாற்று மருந்து என்றால், சிலவற்றை இன்னும் முன்னதாகவே தொடங்குவார்கள். பேட்டரி எங்கே வரும் என்று இவரை பெல்ட் போட்டு நிற்க வைத்து, உட்கார வைத்துப் பேனாவால் குறித்தார்கள். பெல்ட் உரசும் இடத்தில் வைத்தால் தோல் தேய்ந்துவிடும்.

நிரந்தரமாக வைக்கும் முன், வலி குறைகிறதா என்று பார்க்க ஒரு வாரம் போல சோதனை இருக்கும். வயர் தோலைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாட்கள் அவை, கிருமிக்குத் திறந்த கதவு. பலன் தெரிந்துவிட்டதென்றால் "இன்னும் நாலு நாள் பார்க்கலாமே" என்று நீங்களாக இழுக்காதீர்கள், நாள் கூடக்கூட ஆபத்தும் கூடும். மும்பை ஜூலைப் புழுக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டாது என்று நாங்கள் ஜனவரிக்குப் போனோம். அந்த வாரம் முழுக்க ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

பேட்டரி வைத்து வீட்டுக்கு வந்ததும் எதிர் வீட்டு மாமி மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார். வாங்கி வைத்துக்கொண்டேன், தடவவில்லை. மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். டிரெஸ்ஸிங்கைப் பிரிக்கும் நாளையும் குளிக்கும் நாளையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தினமும் காலை ஒரே வெளிச்சத்தில் காயத்தை போட்டோ எடுங்கள். தொற்று அதிகம் வருவது பேட்டரி இருக்கும் பக்கம்தான், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். பதினோராம் நாள் அங்கே லேசாக வீங்கியது. சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கிளம்பிவிட்டோம். தெருமுனை கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டிருந்தால் கல்ச்சரில் (கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கிருமி சிக்காமல் போயிருக்கலாம். வீக்கத்தில் ஊசி குத்த விட்டிருந்தால் நாமே கிருமியை உள்ளே அனுப்பியது போல. போட்டோக்களை வரிசையாகப் பார்த்த டாக்டர், வெறும் நீர்தான், தானாக வற்றும் என்றார். வற்றியது.

தோலின் சிவப்பு அந்தப் பேனாக் கோட்டைத் தாண்டினாலோ, சூடு, கசிவு, காய்ச்சல் இருந்தாலோ அன்றே போங்கள். காய்ச்சலோடு முதுகுவலி கடுமையானாலோ, கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டினாலோ தண்டுவடத்துக்குப் பக்கத்தில் சீழ் சேர்ந்திருக்கலாம். அது ராத்திரி இரண்டு மணியானாலும் எமர்ஜென்சிதான். ஆஸ்பத்திரி எமர்ஜென்சி நம்பர் இன்னமும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில், பால்காரர் நம்பருக்கு மேலே ஒட்டியிருக்கிறது.