மணி அடிக்க முன்: பிள்ளைகளுக்கு விளங்கியதா என்று பார்ப்பது எப்படி?

பாடம் முடிந்ததும் "விளங்கிச்சுதா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "ஓம் டீச்சர்" என்றுதான் சொல்லும். உண்மையில் அது முன்வாங்கில் இருக்கும் நாலைந்து பேரின் குரல். பின்வாங்குப் பிள்ளைக்கு எது பிடிபடவில்லை என்பது தவணைப் பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அது மிகவும் பிந்திவிடும். வன்னிப் பாடசாலைகளுக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 40 நிமிடப் பாடவேளையில் கடைசி ஏழெட்டு நிமிடம் போதும்.

படி 1: கேள்வியைப் பாடக்குறிப்பு எழுதும்போதே தீர்மானியுங்கள்

முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. இன்று பின்னக் கூட்டல் என்று வையுங்கள். "1/2 + 1/3 எவ்வளவு?" என்று கேட்டால் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து 5/6 என்று எழுதிவிடலாம். அதற்குப் பதிலாக, "ஒருவர் 2/5 என்று விடை எழுதியிருக்கிறார். கணக்கைச் செய்யாமலே அது பிழை என்று சொல்லலாம். எப்படி?" என்று கேளுங்கள். 2/5 அரையை விடக் குறைவு. அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரைக்குக் குறைய வராது. தடுமாறினால் வயலைக் காட்டுங்கள்: காலபோகத்துக்கு வயலில் அரைப்பங்கு விதைத்து, பிறகு மூன்றிலொரு பங்கும் விதைத்தால், விதைத்த நிலம் அரைக்குக் குறையுமா?

படி 2: சீட்டு

பழைய கொப்பித் தாளைக் காலாகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுங்கள். பெயர் வேண்டும், புள்ளி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் பயமில்லாமல் எழுதுவார்கள். மூன்று நிமிடம் கொடுத்து, வாசலில் நின்று வாங்குங்கள். கடைசிப் பாடவேளை என்றால் இன்னும் முந்தித் தொடங்குங்கள். பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு போய்ச்சேரப் பொழுதுபட்டுவிடும் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர்.

படி 3: மூன்று அடுக்கு

விளங்கியவை, பாதி விளங்கியவை, விளங்காதவை என்று பிரியுங்கள். திருத்த வேண்டாம்.

படி 4: அடுத்த பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்

பலர் விட்ட பிழை ஒன்றைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, எல்லாருமாகத் திருத்துங்கள். விளங்காத அடுக்கில் இரண்டு மூன்று பேர்தான் என்றால் அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருந்து சொல்லிக்கொடுங்கள். இந்தப் படியை விட்டால் சீட்டு வாங்கியதே வீண்.

எழுதச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு

விரல் முறை நல்லது. "நீர் 100 பாகையில் மட்டும்தான் ஆவியாகும்" என்று வாசியுங்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, சரியென்றால் ஒரு விரல், பிழையென்றால் இரண்டு, தெரியாவிட்டால் மூடிய கை. பார்த்து முடிந்ததும் கேளுங்கள்: "அப்படியென்றால் தெருவோரம் பரப்பிய நெல் எப்படிக் காய்கிறது?" அதற்கு வரும் பதில்களை அவசரப்படாமல் கேளுங்கள்.

இரண்டு தரங்களை ஒரே அறையில் வைத்துப் படிப்பிப்பவர்கள் ஒரு தரத்துக்குச் சீட்டும் மற்றதற்கு விரல் முறையும் வைத்து, அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம்.