இரவற் பொருள் நிலையம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வன்னியில் இரவல் வாங்குவது புதிய பழக்கம் அன்று. கோயில் கிடாரம் கலியாண வீட்டுக்குப் போவதும், செத்த வீட்டுக்கு மரணச் சங்கத்தின் கதிரைகளும் தறப்பாளும் வருவதும் நாம் பார்த்து வளர்ந்தவை. அதே ஏற்பாட்டை நீரிறைக்கும் மோட்டர், துளைக்கும் மெசின், புல்வெட்டும் மெசின், ஏணி, தையல் மெசின் என்று விரித்து, சனசமூக நிலையத்தின் ஓர் அறையில் வைத்து, பதிவோடு கொடுத்து வாங்குவதே இரவற் பொருள் நிலையம். அமெரிக்காவின் பேர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் கருவிகளை இரவல் கொடுத்து வருகிறது. இங்கிலாந்தின் ஃப்ரூம் என்ற சிறு நகரில் 2015இல் இதற்கென்றே ஒரு கடை திறக்கப்பட்டது. நுண்கடன் எடுத்துப் பொருள் வாங்கி, கிழமைத் தவணை கட்ட வழியில்லாமல் கலங்கி நின்ற பெண்களைக் கண்டவர்களுக்கு இதன் தேவையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கொடுப்பதில் காட்டும் அக்கறையைத் திரும்ப வாங்குவதில் காட்டாவிட்டால், எவ்வளவு நல்ல மனத்தோடு தொடங்கிய நிலையமும் இரண்டு போகத்தைத் தாண்டாது.

அறையை நிரப்ப அவசரப்படுவது முதல் தவறு. செய்தி வெளிநாட்டு உறவுகளுக்குப் போனதும் பொதிகள் வரத் தொடங்கும். கனடாவிலிருந்து வரும் துளைக்கும் மெசின் அந்நாட்டு 120 வோல்ற் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. அதை எங்கள் 230 வோல்ற்றில் செருகினால் புகைந்துவிடும். அனுப்புகிறவரின் மனம் நோகுமே என்று தயங்காமல், எது வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். உதிரிப்பாகம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்காத பொருளும், பழுது பார்க்க ஊரில் ஆள் இல்லாத பொருளும் அறைக்குள் வரக்கூடாது. ஊர் முழுவதற்கும் ஒரே கிழமையில் தேவைப்படும் பொருளும் இரவலுக்கு ஏற்றதல்ல. காலபோக அறுவடை முடிந்து நெல் காயப்போடும் நாட்களில் எல்லா வீட்டுக்கும் தறப்பாள் வேண்டும். நிலையத்தில் பத்து இருந்தால் பத்தும் முதல் நாளே போய்விடும், மழை இருட்டும்போது பதினோராவது வீட்டின் நெல் நனையும். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை அதுதான். ஆளுக்கொரு காலத்தில், ஆண்டில் சில நாட்கள் மட்டும் தேவைப்படுபவற்றையே முதலில் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, திரும்பி வந்த பொருளைச் சோதிக்காமல் உள்ளே வைப்பது. எங்கள் ஊர் நிலையத்திலிருந்து ஒருவர் 16 லீற்றர் மருந்தடிக்கும் மெசினை வயலுக்குக் களைநாசினி அடிக்கக் கொண்டுபோனார். தண்ணீர் விட்டு அலசி, துடைத்து, சொன்ன நாளிலேயே திருப்பித் தந்தார். நாங்களும் கொப்பியில் 'கிடைத்தது' என்று எழுதி உள்ளே வைத்தோம். மூன்றாம் நாள் ஓர் அக்கா அதைத் தன் மிளகாய்த் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்க எடுத்துப்போனார். ஒரு கிழமைக்குள் கன்றுகளின் குருத்து இலைகள் ஒடுங்கி, முறுக்கிய கயிறுபோலச் சுருண்டு, தண்டுகள் வளைந்து நின்றன. அகன்ற இலைக் களைகளைக் கொல்வதற்காக வயலில் அடிக்கும் எம்.சி.பி.ஏ. போன்ற மருந்தை நெல் தாங்கிக்கொள்ளும். மிளகாயையும் தக்காளியையும் உழுந்தையும் கெடுக்க அதன் சிறு மிச்சமே போதும். தாங்கியைக் கழுவினாலும் குழாயிலும் றப்பர் வாசரிலும் அது தங்கிவிடும். அக்கா எங்களை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. பிடுங்கிய கன்றுகளை வேலியோரம் குவித்துவிட்டு, மெசினைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார். இப்போது களைநாசினிக்கு ஒன்று, பூச்சிநாசினிக்கு ஒன்று என இரண்டு மெசின்கள் இருக்கின்றன. களைநாசினி மெசினுக்குச் சிவப்புப் பெயின்றில் பட்டை போட்டு, வேறு சுவரில் தொங்கவிட்டிருக்கிறோம்.

ஆகவே கொண்டுபோகிறவரின் முன்னிலையிலும் கொண்டுவருகிறவரின் முன்னிலையிலும் மெசினை ஒருமுறை இயக்கிப் பார்த்தே பதிய வேண்டும். புல்வெட்டும் மெசினில் பெற்றோலை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அது பிசின்போல இறுகி, காபரேற்றரை அடைத்துவிடும். வடித்துவிட்டே வைக்க வேண்டும். மாரியில் ஈரத்தோடு மடித்த தறப்பாளில் பூஞ்சணம் பிடிக்கும்; அறையில் எலி இருந்தால் வயர்கள் மிஞ்சா. எண்ணெய்க் கணக்கையும் வாய்ப்பேச்சில் விடக்கூடாது. 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரேயடியாக ஏறியபின், அரைத் தாங்கி எண்ணெய் மனத்தாங்கலுக்குப் போதுமான காரணமாகிவிட்டது. வெறும் தாங்கியோடு கொடுத்து, வெறும் தாங்கியோடு வாங்குவதே சச்சரவில்லாத முறை.

பணத்தில் இரண்டு பக்கமும் தவறு நேர்கிறது. எல்லாம் இலவசம் என்றால் தேய்ந்த வாசரை மாற்றக்கூடக் காசு இராது. பெரிய முற்பணம் கேட்டால், நிலையம் யாருக்காகத் திறக்கப்பட்டதோ அந்தக் குடும்பங்கள்தாம் வாசலோடு திரும்பிப்போகும். கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணிடம் ஐயாயிரம் ரூபாயை வைத்துவிட்டு மோட்டரைக் கொண்டுபோ என்பது, இல்லை என்று சொல்வதற்குச் சமம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர் இருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் போதும் என்று வைத்து, நாளுக்குச் சிறு தொகை வாங்கி, அதைப் பழுதுபார்க்க மட்டும் தனிக் கணக்கில் போடலாம். பாவனையில் தேய்ந்ததற்கு நிலையமும் கவனக்குறைவால் உடைந்ததற்கு எடுத்தவரும் பொறுப்பு என்பதை, முதற்பொருள் வெளியே போகுமுன் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். உடைந்தபின் எழுதும் விதி அந்த ஒருவருக்காக எழுதப்பட்டதாகவே தோன்றும்.

நிலையத்தின் பூட்டுத் திறப்பு சங்கத் தலைவர் வீட்டிலேயே இருப்பதும் தவறு. அந்த வீட்டுப் படலையைத் தாண்டத் தயங்குகிறவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். கூலிவேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய பின்னேரத்தில், பொது இடத்தில் திறக்க வேண்டும்.

கடைசியாக, சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் ஏணியோடு சேர்த்து ஒரே விதிக்குள் அடக்கக்கூடாது. போரில் காலை இழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் வாழும் ஊர்களில் ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற தவணை அவர்களுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு வேறு கொப்பி போட்டு, வாடகையில்லாமல், தேவை தீரும்வரை கொடுத்து, மாதம் ஒருமுறை நாமே வீட்டுக்குப் போய் சில்லையும் பிறேக்கையும் பார்த்துவர வேண்டும்.