டாக்ரோலிமஸ்: கிட்னி மாற்று சிகிச்சைக்குப் பின் வீட்டில் கொடுக்கும் முறை

கிட்னி மாற்றி வீடு திரும்புகிறவரின் மருந்துப் பையில் பெரும்பாலும் மூன்று எதிர்ப்புசக்திக் குறைப்பு மருந்துகள் இருக்கும்: டாக்ரோலிமஸ், மைகோபீனோலேட், பிரெட்னிசோலோன். இவற்றில் அதிகக் கண்காணிப்பு கேட்பது டாக்ரோலிமஸ். ரத்தத்தில் அளவு குறைந்தால் உடல் புதுக் கிட்னியை நிராகரிக்கும்; கூடினால் மருந்தே அந்தக் கிட்னியைக் கெடுக்கும். எத்தனை மில்லிகிராம் என்பது டாக்டரின் முடிவு. அதைப் பிசகாமல் கொடுப்பது வீட்டில் உள்ளவர் கையில்.

1. நேரம்

சாதாரண வகை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ, எதுவானாலும் தினமும் ஒரே மாதிரி. நேரத்தை முடிவு செய்யும்போது லேப் எத்தனை மணிக்கு ரத்தம் எடுக்கும் என்றும் பாருங்கள். ஏன் என்பது மூன்றாவது படியில்.

2. அட்டை

0.5, 1, 5 மி.கி. எனப் பல அளவுகளில் கேப்சூல் உண்டு. 0.5-க்குப் பதில் 5 கொடுத்தால் பத்து மடங்கு. புள்ளியைக் கவனித்துப் படியுங்கள். தினம் ஒரே வேளை போடும் நீடித்த வகையும் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கடைக்காரர் வேறு கம்பெனி மருந்து நீட்டினால், டாக்டரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். மாற்றினால் மறுபடி லெவல் (ரத்தத்தில் மருந்தின் அளவு) பார்க்க வேண்டும். கேப்சூலைப் பிரிக்கக் கூடாது. மைகோபீனோலேட் தூளைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது, கருவைப் பாதிக்கும்.

3. லெவல் டெஸ்ட்

அதிகம் சொதப்பும் இடம் இதுதான். பார்க்க வேண்டியது அடுத்த வேளைக்குச் சற்று முன் ரத்தத்தில் எஞ்சியிருக்கும் அளவை. இரவு 9-க்குப் போட்டவருக்குக் காலை 9 வாக்கில், காலை மருந்துக்கு முன்பாக ரத்தம் எடுக்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் எடுப்பார்கள். கேப்சூலைக் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்லுங்கள்.

பழக்க தோஷத்தில் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தால், உண்மையில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 15 கூடக் காட்டலாம். அதை நம்பி டோஸைக் குறைத்தால் நிராகரிப்பில் போய் முடியும். போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லி, வேறொரு நாள் எடுங்கள். இரவு எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், இரண்டையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

4. கூடச் சேரக் கூடாதவை

ஃப்ளுகோனசோல், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை லெவலை ஏற்றும். டிபி மருந்து ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்துகளான ஃபெனிடாய்ன், கார்பமசெபைன் இறக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் லெவலை மாற்றாவிட்டாலும் கிட்னியை அடிக்கும். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை பல நேரம் இவைதான். கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாஸும் வேண்டாம். டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது, ஆகவே இளநீருக்கும் டாக்டரின் அனுமதி தேவை. நாட்டு மருந்துக்கும் அதே விதி, “மூலிகைதானே” என்று சொல்லிக் கொடுப்பவர் யாராக இருந்தாலும்.

5. தவறினால்

அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டு வேளை மருந்தை ஒன்றாகக் கொடுக்காதீர்கள். எத்தனை மணி நேரத் தாமதம் வரை கொடுக்கலாம் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள். போட்டவுடன் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்கும் முன் போன் செய்யுங்கள்.

6. எப்போது கூப்பிடுவது

100.4 டிகிரி காய்ச்சல், சிறுநீர் குறைவது, மாற்றிய கிட்னி இருக்கும் இடத்தில் வலி: அன்றே. ஸ்பூனைத் தூக்கும்போது ரசம் சிந்துகிற அளவுக்குக் கை நடுங்கினால் லெவல் ஏறியிருக்கலாம். வயிற்றுப்போக்கிலும் லெவல் இறங்குவதற்குப் பதில் பெரும்பாலும் ஏறும். அதனால் இரண்டாவது நாளைக்குக் காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.