பயறு வகைகளில் நோய் எதிர்ப்பு மரபணுவைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் என்னிடம் ஆய்வேட்டைக் காட்ட வரும் முதுகலை மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, செடியை நேரில் பார்த்தீர்களா என்பதைத்தான். மரபணு வரிசைகளைக் கணினியில் நுணுக்கமாக அலசியவர்களில் பலர், மீஞ்சூரைத் தாண்டி, நெல் அறுத்தபின் பயறு விதைக்கும் வயல்களில் ஒரு நாள்கூட நின்றதில்லை. பாசிப்பயற்றின் இளம் இலையில் ஊசிமுனை அளவில் தோன்றும் மஞ்சள் புள்ளிகள் பரவி, இலை முழுவதும் வெளுத்து, காயும் சிறுத்துப்போவதைப் பார்த்தால்தான் மஞ்சள் தேமல் நோயை மதிப்பிடுவது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். இந்த வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈ. ஈ அமராத செடியும் பச்சையாகவே நிற்கும். அதை எதிர்ப்புத் திறன் உள்ளது என்று பதிந்துவிட்டால், அதன்பின் செய்யும் மரபணு ஒப்பீடு அனைத்தும் வீண். ஆகவே, எளிதில் நோய்ப்படும் இரகத்தைச் சோதிக்கும் செடிகளின் வரிசைகளுக்கு இடையிடையே விதைத்து, அது நன்றாக நோய்ப்பட்ட பின்னரே மற்றவற்றுக்கு மதிப்பெண் இட வேண்டும். இந்நோயை உண்டாக்கும் வைரஸ்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதால், வடமாநிலத்தில் தாங்கிய இரகம் இங்கும் தாங்கும் என்று கொள்ளவும் கூடாது.

அடுத்தது, ஓர் இரகத்தின் மரபணுத்தொகுதியை அந்தப் பயிர் முழுவதற்கும் உரியதாகக் கொள்வது. துவரைக்கு 2012இலும், கொண்டைக்கடலைக்கு 2013இலும், பாசிப்பயற்றுக்கு 2014இலும் வெளிவந்த மரபணுத்தொகுதி வரைவுகள் ஒவ்வொன்றும் ஓர் இரகத்தை அடிப்படையாகக் கொண்டவை. எதிர்ப்பு மரபணுக்கள் குரோமோசோமில் ஒன்றையொன்று ஒத்த நகல்களாகக் கொத்துக் கொத்தாக அமைந்திருப்பதால், சிறு துண்டுகளாகப் படித்த வரிசைகளைக் கோக்கும்போது பல நகல்கள் ஒன்றாகச் சுருங்கிவிடுவதுண்டு. ஓர் இரகத்தில் இருக்கும் மரபணு இன்னொன்றில் அறவே இல்லாமலும் இருக்கலாம். எனவே ‘இந்த மரபணு இல்லை’ என்று எழுதுமுன், அது செடியில் இல்லையா, கோத்ததில் விடுபட்டதா என்பதை நீளத் துண்டுகளாகப் படித்த வரிசைகளைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

எதிர்ப்பு என்றாலே குறிப்பிட்ட ஒரு புரதக் குடும்பத்தை மட்டும் துழாவுவதும் தவறு. சோயாவின் வேரைத் தாக்கும் நூற்புழுவை எதிர்க்கும் ஆர்.எச்.ஜி.1 என்னும் குரோமோசோம் பகுதியில், சுமார் 31,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு சில இரகங்களில் 10 முறை அடுத்தடுத்து அமைந்திருப்பது 2012இல் தெரியவந்தது. அங்கே வழக்கமான எதிர்ப்பு மரபணுக்கள் இல்லை. நகல்கள் பெருகியதால்தான் எதிர்ப்பு வருகிறது. இதைக் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

கணினி சுட்டிய மரபணுவை, கலப்பில் பிறந்த சந்ததிகளில் எதிர்ப்போடு சேர்ந்தே வருகிறதா என்று பார்த்து, அதைச் செயலிழக்கச் செய்தால் நோய் வருகிறதா என்றும் சோதிக்கும்வரை, ஆய்வேட்டில் ‘வாய்ப்புள்ள மரபணு’ என்றே குறிக்க வேண்டும்.