வசந்தம் இல்லாத ஊரில் திராட்சைக் கவாத்து

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் பின்புறப் பந்தலில் ஏறிய திராட்சைக்கொடி மூன்று ஆண்டுகளாக இலையைத் தவிர வேறொன்றும் தரவில்லை. குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுவதும் உறங்கும் கொடி, வசந்தத்தில் தானே துளிர்த்துப் பூங்கொத்து விடுகிறது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறிமாறி வரும் நம் ஊரில் அது உறங்குவதே இல்லை என்பதால், அந்த ஓய்வைக் கத்திரிக்கோலால்தான் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் கம்பம் ஊரில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா விளக்கினார். நானோ மழைக்குப்பின் நீண்ட கொடிகளையெல்லாம் பச்சையாக இருக்கும்போதே வெட்டிக்கொண்டிருந்தேன். காய்க்க வேண்டிய தண்டு முற்றுவதற்கு வழியே இருந்திருக்காது.

இம்முறை தண்டுகள் பழுப்பேறிப் பென்சில் பருமன் ஆகும்வரை பொறுத்து, மழை குறைவான ஜூன் மாதத்தில் சில நாள் நீரை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றிலும் நான்கைந்து கணுக்களை மட்டும் விட்டு வெட்டி, எஞ்சிய இலைகளையும் கையால் உருவினேன். கொடி மொட்டையாக நின்றதைக் கண்டு வீட்டில் வருந்தினார்கள். இரண்டு வாரத்தில் கணுக்கள் வெடித்தன. புதுத்துளிரோடு பூங்கொத்துகளும் வந்தன. மழையில் நனையும் இலைகளில் வரும் அடிச்சாம்பல் நோய் பரவாதிருக்கப் பந்தலின்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரையும் போட்டேன்.