ஹிப்னோதெரபி மூலம் சூதாட்டத்தை விட முயல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரம்மியில் பணத்தை இழந்தவரிடம் பேசிப் பாருங்கள், "விட்டதைப் பிடிச்சிட்டா நிறுத்திடுவேன்" என்பார். சூதாட்ட அடிமைத்தனத்தின் வேர் இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. ஹிப்னோதெரபி, அதாவது அறிதுயில் (ஹிப்னாஸிஸ்) நிலையில் தரும் சிகிச்சை, இதைத் தளர்த்த உதவலாம். கடனை அது அடைக்காது, ஆசையை அடியோடு அழிக்கவும் செய்யாது. அப்படி நினைத்துக்கொண்டு போவதால்தான் பலருக்குப் பணமும் நம்பிக்கையும் சேர்ந்தே போகின்றன.

பணம் போகும் வழியை அடைக்காமல் சிகிச்சைக்குப் போவதுதான் பெரிய தவறு. ஆடத் தூண்டும் உந்துதல் அலைபோல எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரம் கையில் யூபிஐ திறந்தே இருந்தால், அமர்வில் கேட்ட எந்த வார்த்தையும் தாக்குப்பிடிக்காது. முதல் அமர்வுக்கு முன்பே சம்பளக் கணக்கிலிருந்து யூபிஐயை நீக்கிவிடுங்கள். 500 அல்லது 1,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்காத தனிக் கணக்கு ஒன்று அன்றாடச் செலவுக்குப் போதும். கிரெடிட் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை வங்கி ஆப்பிலேயே நிறுத்தலாம். கடன் ஆப்களும் போனில் இருக்கக் கூடாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்ததே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் டெலிகிராம் குழுக்களில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

மனநல மருத்துவரைப் பார்க்காமல் நேராக ஹிப்னோதெரபிஸ்டிடம் போவது அடுத்தது. சில மாத்திரைகளே சூதாட்ட உந்துதலைக் கிளப்பிவிடும். பார்க்கின்சன் நோய்க்கும் கால் குடைச்சலுக்கும் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல், மனநோய்க்குத் தரும் அரிபிப்ரசோல் ஆகியவற்றில் இந்தப் பக்கவிளைவு உண்டு. மாத்திரை தொடங்கிய பிறகு பழக்கம் வந்ததா என்று யோசியுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருந்து எழுதியவரிடம் சொல்லுங்கள். காதில் குரல் கேட்பவர்களுக்கும், இல்லாததை உண்மையென நம்பும் மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் ஹிப்னாஸிஸ் ஏற்றதல்ல.

சிகிச்சையாளர் விஷயத்தில் தயங்காமல் கேளுங்கள். ஓரிரு நாள் பயிற்சி முடித்தவர்கூட ஹிப்னோதெரபிஸ்ட் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று பாருங்கள். "ஒரே அமர்வில் குணம்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சூதாட்டப் பழக்கத்துக்கு வலுவான ஆய்வுச் சான்று இருப்பது சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சைக்குத்தான். ஹிப்னோதெரபியை அதற்குத் துணையாக எடுத்துக்கொள்வதே சரி.

இனி, அமர்வுக்குள் நடக்கும் பிழைகள். அறிதுயிலில் சிகிச்சையாளர் சொல்லித் தரும் "நான் சூதாட மாட்டேன்" என்ற வாக்கியத்தைக் கேட்டதும் மனதில் சீட்டுக்கட்டுதான் எழும். "சீட்டைப் பார்த்தாலே குமட்டும்" போன்ற அருவருப்பு வாக்கியங்களின் பிடியும் வெகுநாள் நிற்பதில்லை. பலன் தருவது, அவரவர் வாழ்க்கையின் குறிப்பிட்ட நொடிக்கு எழுதிய வாக்கியம். உதாரணமாக: "சம்பள மெசேஜ் வந்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுகிறேன். எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறேன்." இதைக் கற்பனையில் திரும்பத் திரும்ப நடத்திப் பார்ப்பதுதான் ஹிப்னாஸிஸின் உண்மையான வேலை. அந்த நொடி எது என்று தெரிய, முன்னதாக ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள்: எந்த நேரம், எங்கே இருந்தீர்கள், கையில் எவ்வளவு, யாரோடு சண்டை, ஆசை பத்துக்கு எத்தனை. பலருக்கு அது வீடே தூங்கிய பிறகான இரவு 11 மணியாக இருக்கிறது.

"இன்னும் ஒரே ஒரு சீட்டு வந்திருந்தா டிக்ளேர் பண்ணி ஜெயிச்சிருப்பேன்" என்ற எண்ணத்தையும் விட்டுவிடக் கூடாது. நூலிழைத் தோல்வியைக்கூட மூளை பாதி வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறது. இதை விழிப்பு நிலையில், பேனா பிடித்துக் கணக்குப் போட்டுப் பேசித் தெளிந்த பிறகே அறிதுயிலில் பதிய வைக்க வேண்டும்.

குழந்தைப் பருவத்துக்கோ முற்பிறவிக்கோ அழைத்துப்போய்க் காரணம் தேடுவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அறிதுயிலில் வரும் நினைவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கற்பனையாக இருக்கலாம். நடக்காத ஒன்றுக்காக அப்பாவையோ அண்ணனையோ பகைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

"எனக்கு மயக்கமே வரலையே" என்று சோர்ந்து விடுபவர்கள் அநேகம். அறிதுயில் தூக்கமல்ல, பேசுவது முழுக்கக் காதில் விழும். எல்லாருக்கும் ஒரே அளவில் வசப்படவும் செய்யாது. 4 அமர்வுகளுக்குப் பிறகும் குறிப்பேட்டில் ஆசையின் எண் இறங்கவில்லை என்றால், இன்னொரு 10 அமர்வுக்கு முன்பணம் கட்டாமல் சிபிடிக்கு மாறுங்கள். சிகிச்சையாளர் அமர்வின் ஒலிப்பதிவு கொடுத்தால், ஆசை எழும் நேரத்துக்குச் சற்று முன்பு, தினமும் 10 முதல் 15 நிமிடம் கேளுங்கள். வண்டி ஓட்டும்போது கூடவே கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யும் தவறும் உண்டு. மகன் அழுகிறான் என்று நகையை அடகு வைத்து மொத்தக் கடனையும் அடைத்துவிட்டு, அவனையும் சிகிச்சைக்குத் தள்ளுவார்கள். கடன் சுமை இறங்கியதும் கை மறுபடி அரிக்கும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கடன் கொடுத்தவர் கணக்கில் நேரடியாகத் தவணையாகச் செலுத்துங்கள். "செத்துடலாம்னு இருக்கு" என்று சூதாட்டத்தில் சிக்கியவர் சொன்னால் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் கூடவே இருந்து, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நடுவில் ஒருநாள் சறுக்கி ஆடிவிட்டால், அதை மறைத்து அமர்வையே நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அன்றே எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த வழியாகப் பணம் போனது என்று. அந்த வழியை மறுநாள் காலையே அடைத்துவிடுங்கள். அடுத்த அமர்வில் முதலில் பேச வேண்டியது அந்தக் குறிப்பைப் பற்றித்தான்.