அட்டையில் பாம்பன் தூக்குப் பாலம் செய்வது எப்படி?

பழைய பாம்பன் ரயில் பாலம் கப்பலுக்கு வழிவிடத் திறந்ததை மோட்டார் வேலை என்றுதான் என் வகுப்புப் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1914 பிப்ரவரி 24 அன்று போக்குவரத்து தொடங்கிய அந்தப் பாலத்தின் திறக்கும் பகுதியை ஆட்கள் கையால் சுழற்றித்தான் தூக்கினார்கள். அத்தனை இரும்பையும் கை எப்படித் தூக்கும்? மண்டபம் ஊரில் அறிவியல் பாடம் நடத்துகிறவன் நான். வாயால் விளக்குவதைவிட இதைச் செய்து காட்டுவதே மேல் என்பேன்.

கெட்டி அட்டை, 12 செ.மீ. அகல டிபன் டப்பா மூடி, வாஷர்கள், ஐஸ் குச்சிகள், உப்புத்தாள், ஒரு சைக்கிள் ஸ்போக் போதும்.

மூடியை வைத்து வட்டம் போட்டு மையத்தைக் குறியுங்கள். வட்டத்தின் அடியைத் தொட்டபடி முன்பக்கமாக 20 செ.மீ. கோடு இழுங்கள். கோட்டின் நுனியிலிருந்து வட்டத்தின் உச்சிக்கு ஒரு சாய்கோடு. இதே வடிவில் நான்கு வெட்டி, இரண்டிரண்டாக நடுவில் குச்சி கொடுத்து ஒட்டுங்கள். அசலிலும் இப்படி இரண்டு பாதிகள்தான், நடுவில் வந்து சேரும்.

அடுத்ததுதான் உயிர்நாடி. மையத்தின் வழியே ஸ்போக்கைச் செருகிப் பிடியுங்கள். நுனி கீழே சாயும். வட்டத்தின் பின்பக்க மேல்பகுதியில் வாஷர்களை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வாருங்கள். எந்தச் சாய்வில் விட்டாலும் அப்படியே நிற்க வேண்டும், அதுவரை விடாதீர்கள். நின்றுவிட்டால் மொத்த பாரத்தின் மையமும் வட்டத்தின் மையத்துக்கே வந்துவிட்டது என்று அர்த்தம். இனி உருட்டும்போது பாரம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. உராய்வையும் காற்றையும் வென்றால் போதும், அதற்குக் கை தாங்கும். அமெரிக்கரான ஷெர்சரின் யோசனை இது. எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

சரி, ஸ்போக்கை உருவிவிட்டு, இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் உப்புத்தாள் ஒட்டி, நுனிகள் தொடும்படி பாதிகளை வையுங்கள். உப்புத்தாள் வழுக்காமல் பிடிக்கும். அசலில் அந்த வேலையைப் பற்கள் செய்தன. பின்பக்கத்தை விரலால் அழுத்தினால் பாதி உருண்டு எழும்.

பிள்ளைகள் வாஷர் ஒட்டும்போதே 1964 டிசம்பர் புயலைச் சொல்லுங்கள். 2 கி.மீ. பாலத்தின் கர்டர்களில் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களில்) பெரும்பாலானவை கடலுக்குள் போயின. தூக்குப் பாலம் தப்பி நின்றது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் பாலத்தை மீட்டார்.

2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் தூக்குப் பகுதி உருளாது; நேராக மேலே போகும். அதிலும் நம் வாஷர்களைப் போல எதிர் எடை உண்டு. கப்பியும் நூலும் கிடைத்தால் அப்புறம் அதையும் செய்ய வைக்கலாம்.